லயத்துக்கும் ஒரு பலகை

1

தீபாவளிக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை என் வீட்டு முன்சுவருக்கும் பின்சுவருக்கும் வெள்ளை அடித்தேன். இரண்டு நாளில் நகரசபையிலிருந்து ஆள் வந்துவிட்டார்.

ஊரில் இருக்கிறவர்களுக்கு இது சிரிப்பாக இருக்கும். இலங்கையில் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் வெள்ளை அடிக்காவிட்டால்தான் ஆள் வரும்.

நான் இருப்பது மேற்கு ஜெர்மனி. நிலக்கரி தோண்டின ஊர். எனக்குச் சுரங்க வேலை இல்லை, ரொட்டி ஆலையில் வேலை. எனக்குத் தெரிந்த ஜெர்மனும் ரொட்டி ஜெர்மன்தான். சூடு, தட்டு, சீக்கிரம், நாளைக்கு வா. இவ்வளவை வைத்துக்கொண்டு ஐந்து வருடம் ஓட்டிவிட்டேன்.

அகதிகள் விடுதியில் நான்கு வருடத்துக்கு மேல் இருந்தோம். பிறகு இந்த வீடு வாடகைக்குக் கிடைத்தது. சுரங்கத் தொழிலாளிகளுக்காக அந்தக் காலத்தில் கட்டிய வரிசை வீடுகளில் ஒன்று. ஒரே கூரை. ஒரே நீளச் சுவர், செங்கல் தெரிகிற சுவர். கதவு, ஜன்னல், கதவு, ஜன்னல். பின்னால் ஆளுக்கொரு துண்டு நிலம். அதில் முயல்கூடு, புறாக்கூடு, உருளைக்கிழங்கு. முதல் நாள் பார்த்ததும் என் மனைவி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

“என்னங்க இது? ஏரோப்ளேன்ல ஏறி இம்புட்டுத் தூரம் வந்து, மறுபடியும் லயத்துக்கே வந்துட்டோம்!”

அவள் சொன்னது சரி. தோட்டத் தொழிலாளிகளுக்குக் கட்டிய வரிசை வீட்டைத்தான் லயம் என்போம். லயம்தான். குழாயில் சுடுதண்ணீர் வரும் லயம்.

ஆனால் ஒரு வித்தியாசம் இருந்தது. வரிசையின் கடைசிச் சுவரில் ஒரு பலகை. வெண்கலம் மாதிரி மின்னியது. மகளை வாசிக்கச் சொன்னேன். அவளுக்கு ஒன்பது வயது. தமிழைவிட ஜெர்மன் நன்றாக வரும். “தொழிலாளிங்க இருந்த வீடு. எந்த வருசம் கட்டுனதுன்னு போட்டிருக்கு. பாதுகாக்கப்பட்ட கட்டடமாம்” என்றாள். மறுபடியும் வாசிக்கச் சொன்னேன். மறுபடியும் அதையேதான் சொன்னாள்.

தொழிலாளி இருந்த லயத்துக்குப் பலகை. பங்களாவுக்கு வைப்பார்கள், கேள்விப்பட்டிருக்கிறேன். லயத்துக்கு வைத்ததை இங்கேதான் பார்த்தேன்.

அந்தப் பலகையின் அர்த்தம் எனக்கு முழுதாக விளங்கவில்லை. விளங்கியிருந்தால் முன்சுவரைத் தொட்டிருக்க மாட்டேன். வந்த அலுவலர் சின்ன வயது, மரியாதையான ஆள். சப்பாத்தைத் துடைத்துவிட்டுத்தான் உள்ளே வந்தார். சுவரைப் படம் எடுத்தார். பிறகு மகளைப் பார்த்துப் பேசினார். மகள் என்னைப் பார்த்துச் சொன்னாள்.

“அப்பா, நீங்க சுவரைக் கெடுத்துட்டீங்களாம்.”

“கெடுத்தேனா? புதுசாக்குனேன்னு சொல்லு.”

“அவரு புதுசு வேணாங்கிறாரு. பழசாவே இருக்கணுமாம்.”

“வெள்ளை அடிச்சாத்தான் பழைய சுவரு நிக்கும்னு சொல்லு.”

அவள் சொன்னாளா, வேறு எதையாவது சொன்னாளா, எனக்குத் தெரியாது. அலுவலர் தலையை ஆட்டினார். வெள்ளையை எடுக்க வேண்டும், முன்பக்கம், பின்பக்கம், எல்லாம். எடுக்காவிட்டால் வீடு கையை விட்டுப் போகலாம். சொல்லிவிட்டு என் கையைக் குலுக்கிவிட்டுப் போனார்.

2

அதே வாரம் தங்கச்சியின் கேசட் வந்தது.

என் தங்கச்சி லெச்சுமி இன்னும் நாங்கள் பிறந்த லயத்தில்தான் இருக்கிறாள். பூனாகலைப் பக்கம் ஒரு தோட்டம். பெயர் வேண்டாம். பெயர் சொன்னால் அவளுக்குத்தான் தொல்லை. அவளுக்கு எழுத்து வராது. எனக்கும் கொஞ்சம்தான் வரும். இதை எழுதி முடிக்க எத்தனை நாள் பிடித்தது என்று கேட்காதீர்கள். அதனால் நாங்கள் கேசட்டில் பேசி அனுப்புவோம்.

“அண்ணே, நான் லெச்சுமி பேசுறேன். நல்லாருக்கியா? மதினி நல்லாருக்கா? ஏய், அந்தக் கோழிய வெரட்டு. அண்ணே, ஒரு சேதி. தொரை இருந்த பெரிய பங்களாவ இப்பப் பளபளன்னு ஆக்குறாங்க. கொழும்புலேருந்து ஆளுக வந்து கூரை ஓடுகள எண்ணுறாங்க, கதவ அளக்குறாங்க. நூறு வருசத்துப் பங்களாவாம். காப்பாத்தணுமாம். வெள்ளைக்காரங்க வந்து தங்கிப் பாத்துட்டுப் போவாங்களாம். நல்லா தங்கட்டும். ஆனா பங்களாப் புல்லுத்தரையில நின்னா நம்ம லயம் தெரியுதாம். கண்ணுக்கு அசிங்கமா இருக்காம். ஒடைக்கணுமாம்.”

இடையில் ஒரு குரல். பக்கத்துக் காம்பரா செல்லாயி அத்தை. காம்பரா என்றால் லயத்தில் ஒரு குடும்பத்துக்குக் கொடுத்த அறை. செல்லாயி அத்தை எதிலும் குறுக்கே பேசுவாள்.

“கண்ண மூடிக்கிட்டுத் தேத்தண்ணி குடிக்கச் சொல்லுடி!”

பல பேர் சிரிக்கிறார்கள். லெச்சுமி சிரிக்கவில்லை.

“கீழ் டிவிசனுக்குப் போகச் சொல்றாங்கண்ணே. அங்க காம்பரா கட்டித் தாராங்களாம். எப்பன்னு கேட்டா வானத்தப் பாக்குறாங்க. சம்மதம்னு கைநாட்டு வைக்கச் சொன்னாங்க. நான் வைக்கல. மத்த ஆளுகளும் வைக்கல. ஆனா எல்லாரும் என்னையத்தான் பாத்துக்கிட்டு இருக்காங்க. நான் வச்சா வச்சிருவாங்க. என்ன செய்யட்டும்? நீ சொல்லு.”

அதோடு பேச்சு முடிகிறது. மிச்சம் தகரக் கூரையில் மழை விழும் சத்தம். அவள் கேசட்டை நிறுத்த மறந்துவிட்டாள். நான் கடைசி வரை கேட்டேன்.

பங்களாவுக்கு நூறு வருடம் என்றால் லயத்துக்கும் நூறு வருடம்தான். ஒரே மலையில் உடைத்த கல். யோசித்துப் பார்த்தால் லயம்தான் மூத்ததாக இருக்க வேண்டும். பங்களாவுக்குக் கல் சுமந்தவன் எங்கேயாவது படுத்திருப்பான் அல்லவா?

பதுளையிலும் இதே கதைதான். நான் தோட்டத்தை விட்டு இறங்கிப் பதுளைக் கடைத்தெருவில் ஒரு முஸ்லிம் நானாவின் கடையில் வேலை பார்த்தேன். சுண்ணாம்பு, ஆணி, தகரம், கயிறு விற்கிற கடை. பழைய வெள்ளைக்காரன் வீடுகளுக்குச் சாமான் போகும். தூணுக்கு வண்ணம், கதவுக்குப் பித்தளைப் பூண், கூரைக்கு ஓடு. பழைய வீடு, அப்படியே இருக்க வேண்டும் என்று துரைமார் வந்து சொல்லி வாங்கிப் போவார்கள். லயத்துக்கென்று ஒரு ஆணி வாங்க யாரும் வந்து நான் பார்த்ததில்லை. அதே வயதுக் கட்டடம். அதே கல்.

இதை நான் வருத்தமாகச் சொல்லவில்லை. கணக்குத் தெரிய வேண்டும் என்று சொல்கிறேன்.

3

எங்கள் லயத்தை ஒரு தடவை காப்பாற்றி இருக்கிறோம். பலகை இல்லாமல், சட்டம் இல்லாமல். எப்படி என்று சொல்கிறேன். இப்போது அங்கே இருக்கிற சின்னப் பிள்ளைகளுக்கு இது தெரியாது.

தீபாவளிக்கு முன்னால் தோட்டத்தில் சுண்ணாம்பு கொடுப்பார்கள். ஊறவைத்து, துணிக்குப் போடும் நீலம் கொஞ்சம் கலந்து, நார் மட்டையால் அடிப்போம். அடியில் ஒரு முழத்துக்குச் செம்மண் பட்டை. ஒரே நாளில் லயம் முழுக்க அடிக்க வேண்டும். சுவர் ஒன்றுதானே. சாவு விழுந்த காம்பராவுக்கு மட்டும் அந்த வருடம் வெள்ளை இல்லை. வரிசையில் அது ஒன்று மட்டும் அழுக்காக நிற்கும். தூரத்தில் வருகிறவனுக்கும் தெரியும், அங்கே துக்கம் என்று.

இரண்டு அரசாங்கமும் ஒப்பந்தம் போட்டு ஆட்களை இந்தியாவுக்கு அனுப்ப ஆரம்பித்த பிறகு, வெள்ளை இல்லாத காம்பராவுக்கு இன்னொரு காரணமும் வந்தது. ஆள் போய்விட்டது.

தீபாவளி முடிந்ததும் கணக்கப்பிள்ளை மேல் ரோட்டில் நின்று பார்ப்பார். அழுக்காக ஒரு காம்பரா தெரிந்தால், சாவு இல்லையென்றால், அது காலி. உடனே ஆளை விட்டுக் கூரைத் தகரத்தைக் கழற்றுவார்கள். கதவையும் எடுப்பார்கள். வேறு ஆள் குடிபுகக்கூடாது என்பதற்காக. மழை அந்தக் காம்பராவோடு நிற்காது. நடுச்சுவர் ஊறும். பக்கத்துக் காம்பரா ஒழுகும். அவர்களும் கிளம்புவார்கள். கீழ் லயம் இப்படித்தான் போனது. யாரும் இடிக்கவில்லை. தகரம் கழன்றது, மழை மிச்சத்தைச் செய்தது. நான்கு மழைக்காலத்தில் அங்கே புல் முளைத்துவிட்டது.

எங்கள் காம்பராவுக்கு அடுத்தது கருப்பையா மாமாவுடையது. அவருக்கு இந்தியப் பாஸ்போர்ட் வந்தது. பண்டாரவளை ஸ்டேஷனில் கோச்சி ஏற்றிவிட்டு வந்தோம். எல்லாரும் அழுதார்கள். என் ஆத்தா அழவில்லை. வரும் வழியிலேயே என்னிடம் சொன்னாள்.

“அந்தக் காம்பராவக் கழட்ட விடக்கூடாதுடா. நாளைக்கு லெச்சுமிக்குக் கல்யாணம்னா எங்க போவா? நமக்கு அந்தக் கரையிலயும் எடமில்ல, இந்தக் கரையிலயும் பேப்பரு இல்ல.”

ஆத்தா பெயர் முத்தாயி. அதிகம் பேச மாட்டாள். பேசினால் அதோடு விட மாட்டாள்.

அந்தத் தீபாவளிக்குத் தனக்குக் கிடைத்த சுண்ணாம்பில் தண்ணீரைக் கூட்டினாள். மற்ற வீடுகளிலும் ஒரு கை வாங்கினாள். மாமா காம்பராவுக்கும் வெள்ளை அடித்தாள். செம்மண் பட்டையும் போட்டாள். அந்த வருடம் லயம் முழுக்க வெள்ளை கொஞ்சம் மங்கல்தான். ஆனால் ஓட்டை இல்லை. அதோடு, காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்குப் போகும் முன் மாமா காம்பரா அடுப்பில் இரண்டு விறகைப் பற்றவைத்துவிட்டுப் போவாள். புகை வரும். பார்ப்பவனுக்கு ஆள் இருக்கிறது.

கணக்கப்பிள்ளை முட்டாள் இல்லை. ஒரு நாள் மலையில் கொழுந்தெடுக்கும்போது எல்லாருக்கும் முன்னால் கேட்டார்.

“என்னா முத்தாயி, கருப்பையா காம்பராவுல பொக வருது? அவன் அந்தக் கரைக்குப் போயி எம்புட்டு நாளாச்சு?”

“போற அவசரத்துல அடுப்ப அணைக்காம போயிட்டாருங்க ஐயா.”

கொழுந்துக்காரிகள் சிரிப்பை அடக்கினார்கள்.

“வெள்ளையும் அடிச்சிருக்கு.”

“ஆமாங்க. ராமேஸ்வரத்துல நின்னு எட்டி அடிச்சாருங்க.”

இப்போது அடக்க முடியவில்லை. நிரை முழுக்கச் சிரித்தது. கணக்கப்பிள்ளைக்கும் மீசை ஆடியது.

“வெளையாடாத முத்தாயி. தொரை கேட்டா நான் என்னான்னு சொல்ல?”

“பாத்தேன், வெள்ளையா இருந்திச்சுன்னு சொல்லுங்க. பொய் இல்லீங்களே.”

அவர் அப்படியே சொன்னாரோ என்னவோ. தகரம் கழற்ற ஆள் வரவில்லை. அடுத்த வருடமும் அடித்தாள். அதற்கடுத்த வருடமும்.

4

பஞ்ச வருடம் வந்தது. அரிசி இல்லை, மா இல்லை. தோட்டத்தில் பல பேர் போனார்கள். ஆத்தாவும் போனாள். வயிற்றோட்டம் என்று எழுதினார்கள். வயிற்றில் ஒன்றும் இல்லாததற்கு அது பெயர். தேயிலை நிரைக்குக் கீழே புதைத்தோம். தீபாவளிக்கு ஒரு மாதம்கூட இல்லை.

அந்த வருடம் கணக்கப்பிள்ளையும் மாறிவிட்டார். புது ஆளுக்கு மீசை ஆடாது. லெச்சுமியைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். செத்த ஆள் பெயரில் இருந்த காம்பரா, போன ஆள் பெயரில் இருந்த காம்பரா, பக்கத்துப் பக்கம் இரண்டும் காலி, தீபாவளி கழிந்ததும் கழற்றலாம். நீ ஒரு பிள்ளை, யாராவது வீட்டில் ஒண்டிக்கொள்.

லயத்துக்கு நடுவில் இரண்டு காம்பரா. இரண்டும் திறந்தால் இரண்டு பக்கமும் ஊறும். லயம் முடிந்தது. எல்லாருக்கும் தெரியும். எங்களுடையது துக்க வீடு. துக்க வீட்டுக்கு வெள்ளை அடிக்கிற வழக்கம் இல்லை. அடிக்காவிட்டால் அது காலி வீடு. வழக்கமும் அவர் பக்கம் நின்றது.

நான் பதுளையில் இருந்தேன். லெச்சுமி பஸ் ஏறி வந்து கடை வாசலில் நின்றாள்.

“அண்ணே, சுண்ணாம்பு வேணும்.”

“துக்கத்துக்கா?”

“வீட்டுக்கு.”

எனக்கும் மனது வரவில்லை. உள்ளே இருந்து நானா எட்டிப் பார்த்தார். விசயத்தைக் கேட்டார். பின்கட்டுக்குப் போய் ஒரு மூட்டையை உருட்டிக்கொண்டு வந்தார்.

“இது ஓரம் கல்லாப் பெய்த்து. விக்க ஏலா. தூக்கிட்டுப் போ. தம்பி, நீயும் போ. தங்கச்சி தனியா தூக்க ஏலா.”

மூட்டை கல்லாகி இருக்கவில்லை. ஓரத்தில் கொஞ்சம் இறுகி இருந்தது, அவ்வளவுதான். எண்பத்து மூன்று கலவரத்தில் கடை எரிந்த பிறகு நானா எங்கே போனார் என்று எனக்குத் தெரியாது. இருந்தால் இதை யாராவது அவருக்கு வாசித்துக் காட்டுங்கள்.

லயத்துக்கு வந்ததும் லெச்சுமி சேலையை வரிந்து கட்டிக்கொண்டு மட்டையை நனைத்தாள். பக்கத்துக் காம்பராவிலிருந்து செல்லாயி அத்தை ஓடி வந்தாள்.

“அடிப்பாவி! ஆத்தா மண்ணு இன்னும் காயல. துக்க வீட்டுக்கு வெள்ளையா? ஊரு என்னா பேசும்?”

“பேசட்டும் அத்த. தகரம் போனா பேசுற ஊரு நனையும்.”

“சாமி கண்ணக் குத்தும்டி.”

“சாமி வந்து தகரத்தப் பிடிச்சுக்கிட்டு நிக்குமா?”

அத்தை உள்ளே போய்விட்டாள். நாங்கள் இரண்டு பேரும் அடித்தோம். இஸ்தோப்புச் சுவர், வாசல், ஜன்னல் ஓரம். இஸ்தோப்பு என்பது முன்கூரைக்குக் கீழே உள்ள இடம். அங்கேதான் ஆத்தா அடுப்பு வைத்திருந்தாள். நல்ல பாலாக அடித்தோம். தண்ணீர் கூட்டவில்லை. உள்ளேயும் அடித்தோம். ஆத்தா சாய்ந்து உட்காருகிற இடத்தில் தலை எண்ணெய்க் கறை வட்டமாக இருந்தது. லெச்சுமி அதைச் சுற்றி அடித்தாள். அதன்மேல் அடிக்கவில்லை.

மாமா காம்பராவுக்கு வந்தபோது செல்லாயி அத்தை தன் மட்டையோடு வந்து நின்றாள்.

“நீ அடிக்கிற அழகப் பாத்தா சுவரே சிரிக்குது. தள்ளு.”

அதற்குப் பிறகு யாரும் எங்களை எதுவும் கேட்கவில்லை. சாயங்காலத்துக்குள் லயம் முழுக்க வெளுத்திருந்தது. மங்கல் இல்லை, ஓட்டை இல்லை. தீபாவளி கழிந்து ஏணியும் கயிறுமாக ஆட்கள் வந்தார்கள். மேல் ரோட்டில் நின்றார்கள். எந்தக் காம்பரா என்று ஒருத்தனுக்கொருத்தன் கேட்டுக்கொண்டார்கள். லயத்துப் பொம்பளைகள் ஒவ்வொரு வாசலிலும் ஒருத்தியாக நின்றார்கள். மாமா வாசலில் செல்லாயி அத்தை நின்றாள், இடுப்பில் கை வைத்துக்கொண்டு. ஏணி திரும்பிப் போனது.

லெச்சுமிக்குக் கல்யாணம் ஆனது. மாமா காம்பராவில்தான் குடிபோனாள். ஆத்தா காம்பராவில் இப்போது லெச்சுமியின் கொழுந்தன் குடும்பம். அந்த எண்ணெய்க் கறை இன்னும் இருக்கிறதாம். சுற்றித்தான் அடிக்கிறார்களாம்.

5

அதனால்தான் நான் இங்கேயும் வெள்ளை அடித்தது. தீபாவளிக்காக என்று வையுங்கள், ஆத்தாவுக்காக என்று வையுங்கள். விடுதியில் இருந்தபோது அடிக்கச் சுவர் இல்லை. இந்த வீடு வந்த முதல் தீபாவளி இது. கட்டடச் சாமான் கடையில் சுண்ணாம்பு கிடைத்தது. செங்கல்லை இடித்துப் பட்டைக்குச் செம்பொடி எடுத்தேன். இங்கே ஞாயிற்றுக்கிழமை சத்தம் போடக்கூடாது. சத்தம் வராமல் இடித்தேன்.

பக்கத்து வீட்டு வில்லி அன்றைக்கே வேலிக்கு வந்துவிட்டார். வயதான ஆள். சுரங்கத்தில் இருந்து நுரையீரல் கெட்டவர். புறா வளர்க்கிறார். நெற்றியில் அடித்துக்கொண்டார். எனக்கு விளங்கியது ஒரு சொல்தான், பைத்தியம். மகள் மிச்சத்தைச் சொன்னாள்.

“செங்கல்ல மறைக்கலாமான்னு கேக்குறாரு அப்பா. இந்தச் செங்கல்லுக்காக எத்தனை சண்டை தெரியுமான்னு கேக்குறாரு.”

“என்ன சண்டையாம்?”

வில்லி வேலியில் சாய்ந்து சொன்னார். மகள் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பினாள். அப்போது சுரங்கக் கம்பெனி இந்த வீடுகள் பழசு, அசிங்கம் என்றதாம். இடித்துவிட்டு உயர மாடி கட்டப் பார்த்ததாம். காலியான வீட்டின் ஜன்னலை உடைத்துக் கதவில் பலகை அடித்ததாம், மழை உள்ளே வரட்டும் என்று. நான் மகளை நிறுத்தினேன்.

“மழைன்னு அவரு சொன்னாரா, நீ சொல்றியா?”

“அவருதான் சொல்றாரு.”

இவர்கள் காலி வீட்டில் திரை கட்டி, பூச்சட்டி வைத்து, ஆள் இருப்பது மாதிரி வைத்தார்களாம். கம்பெனி வண்டி வந்தபோது பொம்பளைகள் நாற்காலி போட்டுத் தெருவில் உட்கார்ந்தார்களாம். வில்லியின் மனைவி அங்கேயே சட்டை பின்னிக்கொண்டிருந்தாளாம். வண்டி திரும்பியதாம். சில வருடம் கழித்து, அசிங்கம் என்று சொன்ன அதே ஊர்ப் பெரியவர்கள் வந்து பலகை வைத்து, கை தட்டிவிட்டுப் போனார்களாம்.

“பலகை அவங்க குடுக்கலையாம் அப்பா. இவங்க வாங்குனதாம்.”

நான் வில்லியிடம் ஏணி வந்த கதையைச் சொன்னேன். மகள் திருப்பினாள். ராமேஸ்வரத்தில் இருந்து எட்டி அடித்ததற்கு அவர் இருமி இருமிச் சிரித்தார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பிறகு, அப்படியும் முன்சுவர் முன்சுவர்தான், கழுவு என்றார்.

அலுவலர் வந்து போன பிறகு முன்சுவரைக் கழுவினேன். வினிகர் ஊற்றித் தேய்த்தோம். வில்லியும் வந்து தேய்த்தார். தெருவே ஊறுகாய் மணந்தது. அலுவலருக்காகக் கழுவவில்லை. செங்கல்லைக் காட்ட அவர்கள் பட்ட பாடு தெரிந்தது, அதற்காகக் கழுவினேன்.

பின்சுவரைக் கழுவவில்லை. வெள்ளை அப்படியே இருக்கிறது, செம்பட்டையோடு. அலுவலர் மறுபடி வந்தபோது பின்பக்கம் கூட்டிப் போய்க் காட்டினேன். இதுவும் போக வேண்டும் என்றார்.

“இதுவும் தொழிலாளி வீட்டு வழக்கம்தான்னு சொல்லு” என்றேன் மகளிடம். “நாங்களும் தொழிலாளிதான். அங்க இப்படித்தான் காப்பாத்துவோம். இத நான் கழுவ மாட்டேன். அவரு வேணும்னா கழுவட்டும். வினிகர் மிச்சம் இருக்கு.”

மகள் தயங்கினாள். “அப்படியே சொல்லவா?”

“அப்படியே சொல்லு.”

சொன்னாள். அவள் குரல் கடைசியில் கொஞ்சம் உயர்ந்தது. அது ஆத்தா குரல் மாதிரி இருந்தது. அவள் ஆத்தாவைப் பார்த்ததே இல்லை. அலுவலர் சுவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், படம் எடுத்துக்கொண்டு போனார். இன்னும் கடிதம் வரவில்லை. வந்தாலும் பதில் இதுதான்.

மகளைப் பற்றி இன்னொன்று. போன வருடம் பள்ளியில் அப்பா பிறந்த வீட்டை வரையச் சொன்னார்கள். அவள் ஒரு பங்களா வரைந்தாள். புல்தரை, தூண், புகைபோக்கி. டீச்சர் பாராட்டிச் சுவரில் ஒட்டினாராம்.

“இது நம்ம வீடு இல்லையே” என்றேன்.

“பள்ளிக்கூடப் புத்தகத்துல சிலோன்னு போட்டு இதுதான் இருக்கு.”

அவளைத் திட்டி என்ன பயன்? லயத்தின் படம் எந்தப் புத்தகத்தில் இருக்கிறது? இந்த வாரம் பின்சுவருக்கு முன்னால் அவளை நிறுத்தினேன். “இப்ப வரை” என்றேன். வரைந்தாள். நீளமாக, வெள்ளையாக, அடியில் செம்பட்டை போட்டு. கதவுகள் எத்தனை என்று கேட்டாள். தாளில் எத்தனை பிடிக்குமோ அத்தனை போடு என்றேன். எல்லாக் கதவிலும் ஒரு ஆளை நிறுத்தினாள். அதை டீச்சரிடம் கொடுத்து, போன வருடத்துப் படத்தை எடுத்துவிட்டு இதை ஒட்டச் சொல்லியிருக்கிறேன்.

6

லெச்சுமிக்குப் பதில் சொல்ல வேண்டியிருந்தது.

இங்கே ஹீட்டர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, மழையில் நிற்கிறவளுக்கு ‘விடாதே’ என்று சொல்வது சுலபம். எனக்கு அது தெரியும். கைநாட்டு வைக்காவிட்டால் அவளுக்கு வேலை நிற்கலாம். நாளைக்கு மகன்களுக்கும் வேலைப் பதிவில் பெயர் விழாமல் போகலாம். என்னை ஒருவனும் ஒன்றும் செய்யப்போவதில்லை. அதனால் கேசட்டை உடனே எடுக்கவில்லை. இரண்டு நாள் வேலைக்குப் போய் வந்து யோசித்தேன். யோசித்தும் அதே பதில்தான் வந்தது. ஏனென்றால் கீழ் லயத்தை நான் பார்த்திருக்கிறேன். கட்டித் தருகிறோம் என்று அவர்களுக்கும் சொன்னார்கள்.

இப்படிப் பேசி அனுப்பினேன்.

“லெச்சுமி, அண்ணன் பேசுறேன். கைநாட்டு வைக்காத. கீழ் டிவிசன்ல காம்பராவ முதல்ல கட்டட்டும். தகரம் போட்டு, கதவு போட்டு, பீலிக் குழாயில தண்ணி வரட்டும். பாத்துட்டுப் பேசலாம்னு சொல்லு. அதுவரைக்கும் ஒரு ஆளும் வாசல விட்டு எறங்க வேணாம். தீபாவளி போனா என்ன, மறுபடியும் வெள்ளை அடிங்க. பங்களாவுக்கு அடிக்கிற அன்னைக்கே நீங்களும் அடிங்க. ரெண்டும் ஒரே வயசு. இன்னொன்னு. இங்க லயத்துக்குப் பலகை வச்சிருக்காங்க. வெண்கலப் பலகை. நமக்கு வெண்கலம் வேணாம். தேயிலைப் பெட்டிப் பலகை போதும். ஒன் சின்ன மகன எழுதச் சொல்லு. வருசம் வேணாம், தொரை பேரு வேணாம். ‘இங்கே ஆட்கள் குடியிருக்கிறோம்’னு எழுதச் சொல்லு. தமிழ்ல, சிங்களத்துல, இங்கிலீசுல. எழுத்து பெருசா இருக்கணும். பங்களாப் புல்லுத்தரையிலேருந்து வாசிக்கணும். கழட்டுனா இன்னொன்னு அடி. தோட்டத்துல பெட்டிப் பலகைக்குப் பஞ்சமில்ல.”

பதில் போன வாரம் வந்தது. அதை எழுதத்தான் இதை எல்லாம் ஆரம்பித்தேன்.

கேசட்டில் முதலில் பேச்சே இல்லை. சுத்தியல் சத்தம். ஆணி பலகையில் இறங்குகிற சத்தம். ஒரு பிள்ளை யாரையோ தள்ளி நிற்கச் சொல்கிறது. பிறகு லெச்சுமி.

“அண்ணே, யாரும் வைக்கல. கேட்டியா, யாரும் வைக்கல. நாளைக்கு வருவாங்களாம். வரட்டும்.”

மறுபடியும் சுத்தியல். பிறகு செல்லாயி அத்தை, வயதாகியும் அதே குரல்.

“கோணலா இருக்குடி.”

“இருக்கட்டும் அத்த. ஆளு இருக்குல்ல.”